கண்ணுள் வினைஞர்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



கவிதை பாடுவோர் ஏறி நின்ற மேடையில், காட்சித் தட்டிக்கு வண்ணம் பூசிப் பிழைத்த ஒருவனைப் பேச அழைத்திருக்கிறீர்கள். பத்தாண்டுகளாக இவ்வரங்கின் பின்வரிசையில் அமர்ந்து கேட்டவன் நான். என் வெண்பாக்களில் தளை தட்டிய இடங்களை முகம் கோணாமல் திருத்தித் தந்தவர்கள் பலர் இங்கே இருக்கிறீர்கள். அந்த உரிமையால் இன்று என் தொழிலைப் பற்றிச் சொல்கிறேன். இடையில் உங்கள் தொழிலைப் பற்றியும் ஓரிரு சொற்கள் சொல்லக்கூடும். பொறுத்தருள வேண்டும்.

மதுரைக் காஞ்சி ஓவியரைக் 'கண்ணுள் வினைஞர்' என்று அழைக்கிறது. இச்சொல்லுக்கு உரை கண்ட நச்சினார்க்கினியர், பார்ப்பவர் கண்ணுக்குள்ளே தம் தொழிலைக் கொண்டுபோய் நிறுத்துபவர் என்னும் கருத்துப்பட விளக்குகிறார். என் தொழிலுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் எந்தத் தொழிற்சங்க அட்டையிலும் அச்சிடப்படவில்லை. நாங்கள் தீட்டும் சுவர் உண்மையில் சுவரன்று, தூண் தூணன்று, கதவுக்கு அப்பால் அறை கிடையாது. வேலை நடக்கும் இடம் தட்டி. அது முற்றுப்பெறும் இடம் பார்ப்பவர் கண். பரிபாடல் திருப்பரங்குன்றத்துச் சித்திர மண்டபத்தையும் அங்கே நின்று இது இன்னார் உருவம் என்று காட்டிப் பேசிய மக்களையும் சொல்கிறது. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில் ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என மூவகைத் திரைகள் வருகின்றன. ஓவியம் எழுதிய மேற்கட்டியும் வருகிறது. ஆட்டத்துக்கு எழுதுவோர் தமிழகத்தில் எவ்வளவு பழைய குலத்தினர் என்பதற்கு இவை போதும்.

நம் ஊரிலிருந்தே ஒரு சான்று தருகிறேன். திருவொற்றியூர்க் கோயிலின் கருவறை விமானத்தை முதலாம் இராசேந்திர சோழன் காலத்தில் கருங்கல்லால் எடுத்துக் கட்டியவன் இரவி என்னும் வீரசோழத் தச்சன். அவன் பெயரைக் கல்வெட்டு சொல்கிறது. ஏறத்தாழ 1000 ஆண்டுகளாக மழையும் உப்புக்காற்றும் அடித்தும் அப்பெயர் அழியவில்லை. நாங்கள் எழுப்பும் கோயில்களோ இருபது நாளில் பிரிக்கப்பட்டு, பலகை ஒரு வண்டியிலும் துணி ஒரு வண்டியிலும் போய்விடும். பெயரோ, படத்தின் தொடக்கத்திலும் இல்லை. முடிவிலும் பெரும்பாலும் இல்லை. இதை முறையீடாகச் சொல்லவில்லை. தொழிலின் இயல்பு அது என்று அறிந்தே உள்ளே நுழைந்தோம்.

இத்தொழில் திரைப்படத்துக்கு நாடகத்திலிருந்து வந்தது. பார்சி நாடகக் குழுக்கள் சென்னைக்கு வந்து காட்டிய வண்ணத் திரைகளும் தந்திரக் காட்சிகளும் நம்மவரை மயக்கின. 1891இல் பம்மல் சம்பந்த முதலியார் தோற்றுவித்த சுகுண விலாச சபையும், பின்னர்க் கன்னையா கம்பெனி, நவாப் இராசமாணிக்கம் கம்பெனி முதலியவையும் படுதாக்களுக்குப் பெரும்பொருள் செலவிட்டன. தெருப் படுதா, காட்டுப் படுதா, தர்பார்ப் படுதா, சிறைச்சாலைப் படுதா என்று ஒரு கம்பெனியிடம் ஒரு கட்டு இருக்கும். அரிச்சந்திரனுக்கும் அதே காடுதான். நளனுக்கும் அதே காடுதான். அந்தக் காட்டை எழுதியவர் கம்பெனியோடு ஊர் ஊராகப் போவார். கொண்டையா ராஜு அவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். 1898இல் பிறந்து, சென்னை ஓவியப் பள்ளியில் பயின்று, நாடகக் கம்பெனிக்குத் திரை எழுதுபவராய்ச் சுற்றிக் கோவில்பட்டியில் தங்கிவிட்டவர் அவர். அங்கிருந்து அவரும் அவருடைய மாணவர்களும் எழுதிய தெய்வப் படங்கள் நாட்காட்டிகளாய்த் தமிழ்நாட்டு வீடுகளின் சுவரெல்லாம் ஏறின. 1976இல் அவர் மறைந்தார். அந்த நாட்காட்டி முருகனுக்குப் பின்னால் தெரியும் மலையையும் அருவியையும் உற்றுப் பாருங்கள். நாடகப் படுதாவின் மலை அது. அடுக்கடுக்காய், தொலைவு கூடக்கூட நீலம் ஏறி, நடுவில் நடிகர் நிற்க இடம் விட்டு எழுதிய மலை.

திரைப்படத்தில் முதலில் இருந்ததும் துணிதான். 1910களின் பிற்பகுதியில் நடராஜ முதலியார் மில்லர்ஸ் சாலையில் கீசக வதம் எடுத்தபோது மேலே மெல்லிய வெள்ளைத் துணியைக் கட்டி வெயிலை வடிகட்டினார். பேசும்படம் வந்து, பெரிய படப்பிடிப்பு நிலையங்கள் எழுந்ததும் துணிக்குப் பதில் மரமும் சாந்தும் வந்தன. 1948இல் வந்த ஜெமினியின் சந்திரலேகாவை இளையோர் பார்த்திருக்க மாட்டார்கள். முரசு நடனத்தை மட்டுமாவது பாருங்கள். அதன் கலை இயக்குநர் ஏ.கே. சேகர். நடனமாடுவோர் காலடியிலிருந்து பின்புறத்துக் கோட்டைச் சுவர் வரை எங்கே கட்டுமானம் முடிகிறது, எங்கே வண்ணம் தொடங்குகிறது என்று என்னால் இன்றும் உறுதியாகப் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அதைப் பார்த்த பின்புதான் இத்தொழிலில் நிற்பது என்று முடிவு செய்தேன்.

மாயாபஜார் 1957இல் வந்தது. கோகலே, கலாதர் இருவரும் கலை இயக்குநர்கள். ஒளிப்பதிவு மார்க்கஸ் பார்ட்லி. படகில் காதலர் செல்லும் நிலவுப் பாடலின் வெளிப்புறப் பகுதி நம் எண்ணூரில் எடுக்கப்பட்டது என்று திரைவரலாற்றாளர் எழுதுவர். நிலவு பார்ட்லி செய்தது, நீர் எண்ணூரினுடையது. எண்ணூர்க் கழியின் பெயர் இன்று செய்தித்தாளில் எந்தக் காரணத்துக்காக வருகிறது என்பதை நீங்கள் அறிவீர்கள். ஒரு காலத்தில் அது துவாரகையின் நீராக இருக்கத் தகுதி பெற்றிருந்தது.

நிற்க. எங்கள் வேலை எப்படி நடக்கும் என்று சிலர் கேட்டீர்கள். கலை இயக்குநர் தாளில் வரைந்து தருவார். தச்சர்கள் சட்டம் அடித்துப் பலகை அறைவார்கள். பழைய நாளில் பலகைக்குப் பதில் கோணியும் காடாத் துணியும் இருந்தன. அதன்மேல் காகிதம் ஒட்டுவோம். ஒட்டும் மைதாப் பசையில் மயில்துத்தம் கலப்பது பூச்சி அரிக்காமலிருக்க. பிறகு பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டு, அடிவண்ணம் கொடுத்தால் எங்களுக்குச் சுவர் கிடைத்தது. நீல நூலை இழுத்துத் தட்டி நேர்கோடு போடுவோம். சித்திர வேலையானால் சிறிய படத்தில் கட்டம் போட்டு, துணியில் பெரிய கட்டம் போட்டு, கட்டத்துக்குக் கட்டம் ஏற்றுவோம். ஒரே பூவேலை திரும்பத் திரும்ப வர வேண்டுமானால் தாளில் ஊசியால் குத்திக் கரித்தூள் மூட்டையால் ஒற்றுவோம். உங்கள் வீட்டு வாசலில் பெண்கள் துளையிட்ட குழலில் மாவு போட்டு உருட்டுவார்களே, அதன் அண்ணன் முறை.

பளிங்கு எழுதுவதுதான் தொழிலில் மதிப்பு மிக்க பாடம். ஈரம் காயாத வெள்ளையின்மேல் சாம்பல் நிறத்தைக் கோழியிறகால் இழுத்து, நனைந்த பஞ்சால் ஒற்றி, பாதி அழித்து, மீதியை விட்டுவிட வேண்டும். எங்கே நிறுத்துவது என்பதுதான் கல்வி. என் ஆசான் சொல்வார்: "தம்பி, கல்லுக்குள்ள நரம்பு ஒரு பக்கமா ஓடும். நீ எல்லாப் பக்கமும் ஓட்டினா அது கல்லு இல்ல, சிலந்திக்கூடு." தேக்கு எழுதும்போதும் அப்படியே. வருடவளையம் எப்படி வளர்ந்தது, பலகையை எப்படி அறுத்தார்கள் என்று அறியாதவன் தேக்கு எழுத முடியாது. நாங்கள் பார்த்துப் படியெடுத்தவை பொருள்களின் தோற்றத்தை. மனப்பாடம் செய்தவையோ அவற்றின் காரணங்களை.

நிறம் வேறொரு பள்ளிக்கூடம். பசை கலந்த பொடிவண்ணம் காய்ந்தால் வெளுக்கும்; இப்போதைய எமல்ஷன் காய்ந்தால் சற்றுக் கருக்கும். ஆகவே நாங்கள் பூசும்போது காணும் நிறம் எங்களுக்குப் பயன்படாது. நாளைக் காலை அது என்ன நிறமாகும் என்பதைப் பூச வேண்டும். நான் 1978இல் பதினேழு வயதில் சேர்ந்தபோது கறுப்பு வெள்ளைப் படங்கள் இன்னும் எடுக்கப்பட்டு வந்தன. அவற்றில் சிவப்பும் கரும்பச்சையும் ஏறத்தாழ ஒரே சாம்பலாய் விழும். தூய வெள்ளை கண்ணைக் கூசும்படி எரியும். ஆகவே வெள்ளைச் சுவர் என்று கதை சொன்னால் இளமஞ்சளோ இளநீலமோ பூசுவோம். தளத்துக்கு வருபவர்கள் 'இதென்ன பைத்தியக்கார அரண்மனை' என்று சிரிப்பார்கள். திரையில் அது பாண்டியன் அரண்மனையாய் நிற்கும்.

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. அதன் நாடகங்களுக்கும் நாட்கூலிக்குச் சென்றிருக்கிறேன். ஒரே கூடம், மூன்று தட்டி, ஒரு சன்னல். திங்கட்கிழமை ஆசிரியர் வீடு, வியாழக்கிழமை பண்ணையார் வீடு. 1993க்குப் பின் தனியார் தொலைக்காட்சிகளில் நெடுந்தொடர்கள் பெருகியபோது வேலை பெருகியது, நேரம் சுருங்கியது. இரவு பதினொரு மணிக்குப் படப்பிடிப்பு முடியும். காலை ஆறு மணிக்கு அதே சுவர் வேறு குடும்பத்துச் சுவராக, ஈர மணம் இல்லாமல், நிற்க வேண்டும். மின்விசிறிகளை வாடகைக்கு எடுத்துச் சுவரை உலர்த்தினோம். இப்பகுதியைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல அதிகமில்லை. ஆனால் எங்கள் பிள்ளைகள் பலர் படித்தது அந்த ஆண்டுகளில்தான்.

கடல் எழுதுவதைப் பற்றிச் சொல்லாமல் போனால் திருவொற்றியூரான் என்ற பெயருக்கு இழுக்கு. சன்னலுக்கு வெளியே தொங்கும் துணியில் கடல் எழுத வேண்டுமானால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, படப்பெட்டி எவ்வளவு உயரத்தில் நிற்கும் என்பது. தொடுவானம் எப்போதும் பார்ப்பவர் கண் மட்டத்திலேயே இருக்கும். தரையில் அமர்ந்தால் அது இறங்கும். மாடியில் ஏறினால் அதுவும் ஏறும். துணிக் கடலால் ஏற முடியாது. படப்பெட்டி பாரந்தூக்கியில் ஓரடி மேலே போனாலும் போதும், கடல் சரிந்து துணியாகிவிடும். அடுத்தது நிறம். கலை உதவியாளர்கள் பெரும்பாலும் ஒரே நீலத்தைக் கேட்பார்கள். நம் கடலை நீலமாக நீங்கள் ஆண்டில் எத்தனை நாள் பார்த்திருக்கிறீர்கள்? வடகிழக்குப் பருவத்தில் அது வண்டல் கலந்த பழுப்பு. சித்திரை வெயிலில் ஈயத்தின் வெண்மை. விடியலில் மீனின் முதுகு. கரையும் நம்முடையது மணற்கரையன்று. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னைத் துறைமுகச் சுவர் கடலுக்குள் நீண்டது. தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணலை அது தடுத்துவிட்டது. தெற்கே மெரினா அகன்றது. வடக்கே கடல் நம் குப்பங்களைத் தின்றது. தின்றது போக எஞ்சியதைக் காக்கக் கருங்கல்லைக் கொட்டினார்கள். ஆகவே நம் ஊர்க் கடற்கரை என்றால் கல்லில் அலை மோதும் ஒலி. மெரினாவின் மணலையும் திருவொற்றியூரின் கல்லையும் ஒரே கை செய்தது என்பதை எந்தப் படமும் இதுவரை காட்டியதாக எனக்குத் தெரியவில்லை.

இனி நான் இன்று உண்மையில் சொல்ல வந்ததற்கு வருகிறேன். எங்கள் தொழிலில் 'பழசாக்குவது' என்று ஒரு வேலை உண்டு. புதிதாய் எழுப்பிய தட்டி புதிதாய்த் தெரியக்கூடாது. தேயிலைச் சாறு, கரிநீர், காவிநீர், மெழுகு, மணல், இரும்புத்தூள் என்று பல பண்டங்களைக் கொண்டு ஒரே நாளில் அறுபது ஆண்டு வயதை ஏற்ற வேண்டும். 1987இல் வந்த நாயகன் படத்துக்காகத் தோட்டா தரணி அவர்கள் மும்பைத் தாராவியைச் சென்னையில் வீனஸ் படப்பிடிப்பு நிலையத்தில் எழுப்பினார். தேசிய விருதும் பெற்றார். அந்தத் தகரங்களைப் பாருங்கள். ஒவ்வொரு தகரமும் வேறொரு கூரையில் வேறொரு காலம் இருந்துவிட்டு வந்தது போலிருக்கும். துரு எங்கே பிடிக்கும், தண்ணீர் எங்கே வழியும், எந்த இடத்தைக் கை தொடும் என்று எண்ணிச் செய்த வேலை அது. பழசாக்குவதில் அதுவே எனக்கு இலக்கணம்.

பிற்காலத்தில் வடசென்னையைக் கதைக்களமாகக் கொண்ட படங்கள் வரத் தொடங்கின. மகிழ்ச்சிதான். ஆனால் தளத்தில் எங்களுக்கு வந்த கட்டளை பெரும்பாலும் ஒன்றே: 'இன்னும் அழுக்காக்கு.' நகரின் மறுகோடியில் ஒரு படப்பிடிப்பு நிலையம், பெயர் வேண்டாம். பன்னிரண்டு வீடுகள் கொண்ட தெரு ஒன்றை எழுப்பியிருந்தோம். உதவியாளராக வந்த இளைஞர் தெளிப்பான் துப்பாக்கியில் நீர்த்த கறுப்பை நிரப்பி எங்கள் மேஸ்திரியிடம் நீட்டினார். மேஸ்திரி எண்ணூர்க்காரர், அறுபது வயதைக் கடந்தவர், சாரத்தின்மேல் நின்றபடியே கேட்டார்: "எந்த அழுக்குன்னு சொல்லுப்பா, அடிக்கிறேன்."

இளைஞர் விளங்காமல், "வடசென்னை அழுக்குதான் அண்ணே" என்றார்.

மேஸ்திரி கொஞ்ச நேரம் துப்பாக்கியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "என் வீடு அங்கதாம்பா இருக்கு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. முகவரி சொல்வது போலச் சொன்னார்.

அந்தக் கேள்வியை அன்றிலிருந்து நான் விடவில்லை. எந்த அழுக்கு? நம் தெருச் சுவர் ஒன்றின்முன் நின்று பாருங்கள். அடியில் முழங்கால் உயரத்துக்குச் சாந்து உதிர்ந்து வெள்ளைப் பூப் பூத்திருக்கும். அது தரையிலிருந்து ஏறிய உவர். சன்னல் கம்பியின் அடியிலிருந்து செங்காவி நிறத்தில் ஒரு கோடு கீழ்நோக்கி வழிந்திருக்கும். கடலைப் பார்த்த சன்னலில் அது அதிகம், மறுபக்கச் சன்னலில் குறைவு. சாலையைப் பார்த்த சுவரில் பெட்டக வண்டிகளின் புகைக்கரி படிந்திருக்கும். அதுவும் விளிம்புகளிலும் மேடுகளிலும்தான், சமமாக அல்ல. எண்ணூர் அனல்மின் நிலையம் 1970 முதல் 2017 மார்ச்சு வரை இயங்கியது. அதன் சாம்பல் விழுந்த மொட்டைமாடிகளில் மழைக்குப் பின் ஓர் அடை கட்டும். அந்தச் சாம்பல் நிறம் வேறு, கரியின் நிறம் வேறு. 2023 திசம்பர் புயல் வெள்ளத்தில் மணலிப் பக்கத்திலிருந்து எண்ணெய் கலந்த நீர் எர்ணாவூர், எண்ணூர்க் குடியிருப்புகளுக்குள் புகுந்தது. நீர் வடிந்த பின் சுவர்களில் நூல் பிடித்தாற்போல நேராக ஒரு கறுப்புக் கோடு நின்றது. நான் நாற்பது ஆண்டு நீல நூலைத் தட்டியவன். அவ்வளவு நேரான கோட்டை ஒரு தெரு முழுதும் நான் போட்டதில்லை.

அழுக்கு மட்டுமா? கதவு நிலையில் தோள் உயரத்தில் ஓரிடம் வழவழவென்று மின்னும். மாலையில் பெண்கள் சாய்ந்து நின்று பேசும் இடம். திண்ணைச் சுவரில் வட்டமாய் ஓர் எண்ணெய்க் கறை. அந்த வீட்டுப் பெரியவர் முப்பது ஆண்டு தலை சாய்த்த இடம். உரிந்த நீலத்துக்கடியில் ரோசா நிறம், அதற்கடியில் பச்சை. ஒவ்வொன்றும் ஒரு பொங்கல், அல்லது ஒரு பெண்ணின் திருமணம். வாசற்படியோ நாள்தோறும் கழுவியது, கோலம் போட்டது. இவ்வூர்த் தீப்பெட்டி ஆலைக்கும் மோட்டார் சைக்கிள் ஆலைக்கும் சாணைக்கல் ஆலைக்கும் முதல் சங்குக்குப் போனவர்களின் வீடுகள் அவை. அவ்வீட்டுச் சட்டைகள் எப்படி வெளுத்து மடித்து வைக்கப்பட்டிருந்தன என்பதை நான் அறிவேன். தெளிப்பான் துப்பாக்கிக்கு இவை எதுவும் தெரியாது. அது ஒரே அளவாய், ஒரே அடர்த்தியாய், நெற்றி முதல் பாதம் வரை அடித்துவிட்டுப் போகும். அப்படி அடித்த சுவரைப் பார்ப்பவன் 'இவர்கள் அழுக்கர்கள்' என்று நினைக்கிறான். காரணம் தெரியும்படி எழுதிய சுவரைப் பார்ப்பவன் 'இதை இவர்கள்மேல் பூசியது யார்' என்று கேட்பான். இரண்டுக்கும் செலவாகும் வண்ணம் ஏறத்தாழ ஒன்றே. நேரம்தான் வேறு.

அன்று என்ன நடந்தது என்பீர்கள். மேஸ்திரி இரவு முழுதும் உட்கார்ந்து இரண்டு வீடுகளின் சுவரை அவர் மனத்துக்கு ஏற்றபடி எழுதினார். நான் உடனிருந்து காவிநீர் கலந்து கொடுத்தேன். மற்றப் பத்து வீடுகளுக்கும் விடிவதற்குள் துப்பாக்கி அடித்தாகிவிட்டது. சண்டைக் காட்சியை அந்தப் பத்து வீடுகளின் முன்னால்தான் எடுத்தார்கள். எங்கள் இரண்டு வீடுகள், ஒருத்தி குடத்தோடு நடந்து போகும் ஒரு காட்சியில், பின்னால் சற்று மங்கலாக வருகின்றன. திரையரங்கில் மேஸ்திரி அதைப் பார்த்துவிட்டு, "கம்பித் துரு தெரியுதுல்ல?" என்று மட்டும் கேட்டார். தெரிந்தது.

கவிஞர் பெருமக்களே, இப்போது உங்கள் பக்கம் வருகிறேன். இந்தப் பத்தாண்டில் இவ்வரங்கில் நம் ஊரைப் பற்றிப் படிக்கப்பட்ட கவிதைகள் ஏராளம். புகை, கரி, வியர்வை, இருள், சாக்கடை ஆகிய ஐந்து சொற்களும் அவற்றில் எத்தனை முறை வந்தன என்று எண்ணியவனில்லை. ஆனால் கேட்டுக்கொண்டே இருந்தவன். சில வேளைகளில் அந்தத் தெளிப்பான் துப்பாக்கியின் ஓசையே என் காதில் விழும். நம்மவர் கையில் இருந்தாலும் அது துப்பாக்கிதான். எதிர்ப்பக்கமும் ஒரு பூச்சு உண்டு: நீலக் கடல், வெள்ளை நுரை, உழைக்கும் கரங்களின் செம்மை. அது சந்தன வண்ணத் தெளிப்பு, அவ்வளவே வேறுபாடு. நம் ஊர்க் கலிய நாயனாரை நினைத்துக்கொள்ளுங்கள். கோயில் விளக்குக்கு எண்ணெய் ஊற்றிய வணிகர். செல்வம் போன பின் பிறர் செக்கில் கூலிக்கு ஆடினார். சேக்கிழார் அவரைப் பொதுவான ஏழையாக எழுதவில்லை. என்ன தொழில், யாருடைய செக்கு, எந்த நிலையில் எண்ணெய் கிடைக்காமல் போனது என்று படிப்படியாகச் சொல்கிறார். அதனால்தான் இறுதியில் அவர் தம் குருதியை எண்ணெயாக ஊற்றத் துணியும்போது நமக்கு நடுக்கம் உண்டாகிறது.

இத்தொழிலின் இன்னொரு பக்கத்தையும் சுருக்கமாகச் சொல்லிவிட வேண்டும். தெளிப்பானின் ஆவியை முகத்துணி இல்லாமல் ஆண்டுக்கணக்கில் குடித்தவர்கள் நாங்கள். சவுக்குச் சாரத்தில் முப்பதடி உயரத்தில் வலைகூட இல்லாமல் நின்றோம். கூட நின்றவர்களில் ஒருவர் விழுந்து இடுப்பொடிந்து பன்னிரண்டு ஆண்டு படுக்கையில் கிடந்தார். 2020 பிப்ரவரி 19 அன்று பூந்தமல்லிப் பக்கத்துப் படப்பிடிப்புத் தளமொன்றில் பாரந்தூக்கி சரிந்து மூவர் இறந்தபோதுதான் இவ்விடர்கள் செய்தித்தாளின் முதல் பக்கத்துக்கு வந்தன. சம்மேளனமும் சங்கமும் இல்லாதிருந்தால் எங்களுக்கு உரிய கூலியும் கிடைத்திராது என்பதையும் நன்றியோடு சொல்ல வேண்டும்.

பெயரில்லாமை நமக்கு மட்டும் உரியதன்று. 1947இல் இங்கிலாந்தில் எடுத்த 'பிளாக் நார்சிசஸ்' படத்தின் கதை இமயமலையில் நடக்கிறது. படப்பிடிப்புக் குழுவோ இந்தியாவில் கால் வைக்கவில்லை. பைன்வுட் நிலையத்தில் கண்ணாடியிலும் தட்டியிலும் எழுதிய மலை அது. கலை இயக்குநர் ஆல்ஃபிரட் யுங்கேக்கு ஆஸ்கர் கிடைத்தது, அவருக்குரியதே. அந்த மலைக்குத் தட்டியில் வண்ணம் ஏற்றிய எத்தனையோ கைகளை யார் அறிவார்? ஹிட்ச்காக்கின் 'நார்த் பை நார்த்வெஸ்ட்' படத்துக்காக 1950களின் இறுதியில் எழுதிய ரஷ்மோர் மலைத் துணியைக் காப்பாற்றி, 2021இல் திறந்த லாஸ் ஏஞ்சல்ஸ் திரைப்பட அருங்காட்சியகத்தில் தொங்கவிட்டிருக்கிறார்கள். அருகில் போனால் தூரிகை வீச்சு மட்டும் தெரியும், பின்வாங்கினால் மலை எழும் என்கிறார்கள். நம்மிடம் அப்படி ஒரு துணி மிஞ்சியிருக்கிறதா? படுதாக்கள் பந்தலாயின. தட்டிகள் அடுப்பெரித்தன.

2000க்குப் பின் அச்சிட்ட நெகிழித் திரை வந்தது. பதாகை எழுதியோர் முதலில் வேலையிழந்தனர்; அடுத்தது நாங்கள். சன்னலுக்கு வெளியே இப்போது பச்சைத் துணி தொங்குகிறது. கடலைக் கணினி எழுதுகிறது. வெளிநாட்டில் ஒளிரும் சுவரையே பின்னணியாக நிறுத்துகிறார்கள். அந்தச் சுவர் படப்பெட்டியோடு சேர்ந்து தொடுவானத்தையும் ஏற்றி இறக்குகிறதாம். துணிக் கடலால் முடியாததை அது செய்கிறது. எனக்கு அதில் வருத்தமில்லை, வியப்பே. ஆனால் நடிகரின் கை தொடும் சுவரை இன்றும் மனிதர்தான் பழசாக்குகிறார்கள். அந்த வேலையில் நம் பகுதிப் பிள்ளைகள் சிலர் இருக்கிறார்கள். 2010இல் வந்த மதராசபட்டினம் போல, பழைய சென்னையை மீண்டும் எழுப்பும் படங்களில் கடைப் பலகையின் எழுத்தைக்கூடக் காலம் பார்த்து எழுத வேண்டியிருக்கிறது. அதற்கு ஆள் தேடுகிறார்கள்.

நிறைவாக வட்டத்துக்கு ஒரு வேண்டுகோள். தண்டையார்பேட்டை முதல் எண்ணூர் வரை படுதா எழுதியவர், பதாகை எழுதியவர், தட்டிக்கு வண்ணம் பூசியவர் என எஞ்சியிருப்போர் இருபது பேராவது இருப்பர். பலருக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் இளைய உறுப்பினர் இருவர் இருவராகச் சென்று, அவர்கள் எந்த ஆண்டில் எந்தப் படத்துக்கு எந்தச் சுவரை எழுதினார்கள், வண்ணத்தை எதில் கலந்தார்கள், என்ன கூலி வாங்கினார்கள் என்று கேட்டு எழுதி வந்தால் அடுத்த மலரில் ஒரு பகுதியை நிரப்பலாம். முதல் வீட்டுக்கு நானே அழைத்துச் செல்கிறேன். மேஸ்திரிக்குக் காது சற்று மந்தம். உரக்கப் பேச வேண்டும். காலை பத்து மணிக்கு முன்னால் போனால் வெளித் திண்ணையில் இருப்பார்.